கண்ணாடிக் கிண்ணமும் ரப்பர் பேண்டும்

பிங்க் ஃபிளாய்ட் ராக் குழு பாதியில் கைவிட்ட முயற்சிகள் அனேகம். அவற்றில் பெரும்பாலானவை வேறு வேஷத்தில் திரும்பி வந்தன.

லண்டன் அபே ரோடு ஒலிப்பதிவுக் கூடம். 1973-ன் பிற்பகுதி. அந்த ஆண்டின் மாபெரும் வெற்றி பெற்ற இசைத்தட்டுகளில் ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்திருந்த நால்வர் கிதாரையும் கீபோர்டையும் ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டார்கள். மேசை மீது ரப்பர் பேண்டை இழுத்துக் கட்டி மீட்டிப் பார்க்கிறார்கள். ஒயின் கிண்ணத்தின் விளிம்பை ஈர விரலால் தேய்க்கிறார்கள். மரத்தை ரம்பத்தால் அறுக்கிறார்கள். துடைப்பத்தால் தரையைப் பெருக்குகிறார்கள். பல்புகளை உடைக்கிறார்கள். ஏரோசால் டப்பாவை அழுத்திச் சீறவிடுகிறார்கள். எல்லாவற்றையும் ஒலிநாடா சிரத்தையாகப் பதிவு செய்துகொண்டிருக்கிறது.

இது விளையாட்டல்ல. பிங்க் ஃபிளாய்ட் குழுவின் அடுத்த ஆல்பத்துக்கான வேலை. 'ஹவுஸ்ஹோல்ட் ஆப்ஜெக்ட்ஸ்' என்று பெயர். வீட்டில் புழங்கும் சாமான்களை மட்டும் வைத்து, ஒரு வாத்தியத்தைக்கூடத் தொடாமல், முழு இசைத்தட்டைத் தயாரிப்பது என்பது திட்டம். பல வாரங்கள் ஓடின. கையில் மிஞ்சியது இரண்டே இரண்டு துண்டுகள். ரப்பர் பேண்டை பேஸ் கிதார் போல ஒலிக்கவைக்க நாள்கணக்கில் பாடுபடுவதைவிட பேஸ் கிதாரையே எடுத்து வாசித்துவிட்டுப் போகலாமே என்ற எளிய உண்மை கடைசியில் உறைத்தது. இது பைத்தியக்காரத்தனம் என்று ரோஜர் வாட்டர்ஸிடம் தான் சொன்னதாக கீபோர்டு கலைஞர் ரிச்சர்ட் ரைட் பின்னாளில் நினைவுகூர்ந்தார். திட்டம் மூட்டை கட்டப்பட்டது.

ஆனால் பிங்க் ஃபிளாய்ட் வரலாற்றில் மூட்டை கட்டப்பட்டது எதுவும் குப்பைக்குப் போனதாகத் தெரியவில்லை. புரோகிரசிவ் ராக் என்ற வகையின் உச்சமாகக் கருதப்படும் இவர்களது ஆல்பங்களைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே இருப்பது பெரும்பாலும் வேறு எதற்காகவோ செய்து, யாராலோ நிராகரிக்கப்பட்டு, அல்லது அவர்களே வெறுத்து ஒதுக்கிய சரக்கு. கெட்டிக்காரக் குடும்பத் தலைவி பழைய சாதத்தை வீணாக்காதது போல அவர்கள் பழைய நாடாவை வீணாக்கவில்லை.

பிடிபடாத பாட்டு

முதலில் கைவிடப்பட்டது ஒரு மனிதர். 1965-ல் தொடங்கிய குழுவுக்கு, பிங்க் ஆண்டர்சன், ஃபிளாய்ட் கவுன்சில் என்ற இரண்டு அமெரிக்க ப்ளூஸ் பாடகர்களின் முதற்பெயர்களை ஒட்டுப்போட்டுப் பெயர் சூட்டியவர் சிட் பாரெட். பாட்டெழுதியவர், பாடியவர், கிதார் வாசித்தவர் எல்லாமே அவர்தான். மற்ற மூவரான வாட்டர்ஸ், ரைட், டிரம்ஸ் வாசித்த நிக் மேசன் ஆகியோர் லண்டனில் கட்டடக் கலை படிக்கப் போன இடத்தில் நண்பர்களானவர்கள். 1967-ல் வந்த முதல் ஆல்பத்தில் பெரும்பாலான பாட்டுகள் பாரெட்டுடையவை. அபே ரோட்டில் அது பதிவானபோது பக்கத்து அறையில் பீட்டில்ஸ் குழுவினர் தங்களது 'சார்ஜென்ட் பெப்பர்' ஆல்பத்தை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். இவர்களது தயாரிப்பாளர் நார்மன் ஸ்மித், பீட்டில்ஸின் முன்னாள் ஒலிப்பதிவாளர்.

அந்த ஆண்டு முடிவதற்குள் எல்.எஸ்.டி. போதையும் மனக்கலக்கமும் பாரெட்டைத் தின்றுவிட்டன. மேடையில் ஒரே சுரத்தை மீட்டிக்கொண்டு நிற்பார். அல்லது ஒன்றுமே வாசிக்காமல் நிற்பார். நிலைமையைச் சமாளிக்க, பாரெட்டின் கேம்பிரிட்ஜ் நண்பர் டேவிட் கில்மரைக் குழுவில் சேர்த்தார்கள். சில வாரங்கள் ஐவரும் இருந்தனர். அப்போது ஒத்திகைக்கு பாரெட் ஒரு புதுப் பாட்டோடு வந்தார். 'ஹாவ் யூ காட் இட் யெட்?' என்பது அதன் பெயர். 'இன்னும் பிடிபடவில்லையா?' என்று பொருள். மற்றவர்கள் மெட்டைப் பிடித்துக்கொண்டு வாசிக்க முயன்ற ஒவ்வொரு முறையும் அவர் மெட்டை மாற்றினார். பாட்டு கடைசிவரை யாருக்கும் பிடிபடவே இல்லை. வேண்டுமென்றேதான் மாற்றுகிறார் என்பது புரிந்ததும் வாட்டர்ஸ் பேஸ் கிதாரைக் கீழே வைத்துவிட்டார். அந்தப் பாட்டு பதிவாகவே இல்லை.

1968 ஜனவரியில் சௌத்தாம்ப்டன் நகரில் ஒரு கச்சேரி. காரில் போகும்போது, பாரெட்டை ஏற்றிக்கொள்ள வேண்டுமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம், விடு என்றார் இன்னொருவர். குழுவைத் தொடங்கியவர் குழுவிலிருந்து நீங்கியது இப்படித்தான். கூட்டமும் இல்லை, கடிதமும் இல்லை. அவர் கடைசியாக எழுதிய 'வெஜிடபிள் மேன்', 'ஸ்க்ரீம் தை லாஸ்ட் ஸ்க்ரீம்' ஆகிய இரண்டு பாட்டுகளும் வெளியிடத் தகுதியற்றவை என்று அலமாரிக்குள் போயின. கள்ளப் பதிப்புகளாக மட்டுமே உலவி வந்த அவை, குழுவின் ஆரம்ப கால ஒலிநாடாக்களின் பெருந்தொகுப்பு வெளியான 2016-ல்தான் அதிகாரபூர்வமாக வெளிச்சத்துக்கு வந்தன. கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு காத்திருப்பு.

சர்ச் வாசனை

பாட்டெழுதுபவர் போய்விட்டார். மிஞ்சியவர்களுக்குப் பாட்டெழுதிப் பழக்கம் குறைவு. எனவே கிடைத்ததையெல்லாம் முயன்று பார்த்தார்கள். 1968-ல் வந்த இரண்டாவது ஆல்பத்தின் தலைப்புப் பாட்டுக்கு வாட்டர்ஸும் மேசனும் சுரம் எழுதவில்லை. கட்டடக் கலை மாணவர்கள் ஆயிற்றே, வரைபடம் போட்டார்கள். எங்கே ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும் என்பதைக் காகிதத்தில் கோடுகளாகக் கிழித்து அதைப் பார்த்து வாசித்தார்கள்.

1969-ல் 'தி மேன் அண்ட் தி ஜர்னி' என்று ஒரு மனிதனின் ஒரு நாளைச் சித்திரிக்கும் நிகழ்ச்சியை ஊர் ஊராக நடத்தினார்கள். மேடையில் மரத்தை அறுத்து ஆணியடித்து மேசை செய்வார்கள். பிறகு சாவகாசமாக உட்கார்ந்து டீ குடிப்பார்கள். பின்னணியில் டிரான்சிஸ்டர் ரேடியோவில் அப்போது என்ன ஓடுகிறதோ அது ஒலிக்கும். ஆல்பமாக்கும் அளவுக்குப் பொருள் இருந்தும் அது ஆல்பமாகவில்லை. துண்டு துண்டாகப் பிய்த்து அந்தக் கால ஆல்பங்களில் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் போட்டுவிட்டார்கள்.

அதே ஆண்டின் இறுதியில் இத்தாலிய இயக்குநர் மிகெலாஞ்சலோ அன்டோனியோனி தனது 'ஜாப்ரிஸ்கி பாயிண்ட்' படத்துக்கு இசையமைக்க அவர்களை ரோமுக்கு அழைத்தார். நல்ல ஹோட்டல், நல்ல சாப்பாடு. ஆனால் இரவெல்லாம் பாடுபட்டு உருவாக்கிய எதைக் கொடுத்தாலும் இயக்குநருக்கு ஒரு குறை. இது ரொம்ப பலம், அது ரொம்ப சோகம். மாணவர்களும் போலீசாரும் மோதும் வன்முறைக் காட்சிக்காக ரைட் முரணாக ஒரு நிதானமான பியானோ இசையைப் போட்டுக் காட்டினார். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் சர்ச்சுக்குள் நுழைந்தது போல இருக்கிறது என்று அன்டோனியோனி ஒதுக்கிவிட்டார். 1970-ல் படம் வந்தபோது மூன்றே மூன்று பிங்க் ஃபிளாய்ட் துண்டுகள் மிஞ்சியிருந்தன.

சர்ச் வாசனை அடித்த அந்தப் பியானோ இசை மூன்று வருடங்கள் தூங்கியது. பிறகு வாட்டர்ஸின் வரிகளையும் ஒரு சாக்ஸபோனையும் சேர்த்துக்கொண்டு 'அஸ் அண்ட் தெம்' என்ற பாட்டானது. அதைத் தாங்கி வந்த 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பம் 4 கோடியே 50 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது.

பசுவும் ஒன்றுமில்லாததும்

1970-ன் 'ஆட்டம் ஹார்ட் மதர்' இன்னொரு விசித்திரம். புதுவகை ஒலிநாடாவை வெட்டி ஒட்டக் கூடாது என்று அபே ரோட்டில் கட்டளை. விளைவாக மேசனும் வாட்டர்ஸும் 23 நிமிடம் ஓடும் தலைப்பு இசைக்கான தாளத்தை ஒரே மூச்சில் வாசிக்க நேர்ந்தது. தாளம் நடுநடுவே நொண்டியது. அதன் மேல் பித்தளை வாத்தியங்களையும் சேர்ந்திசைக் குழுவையும் ஏற்றிக் கட்டும் தலைவலி ரான் கீசின் என்ற இசையமைப்பாளரின் தலையில் விழுந்தது. பித்தளை வாத்தியக்காரர்களோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. சேர்ந்திசைக் குழுவின் நடத்துநர் ஜான் ஆல்டிஸ் வந்து கோலைக் கையில் எடுத்துத்தான் பதிவு முடிந்தது.

தலைப்புகூட இரவல்தான். அணுசக்தியில் இயங்கும் இதயத் துடிப்புக் கருவி பொருத்தப்பட்ட ஒரு பெண்ணைப் பற்றி அன்றைய பத்திரிகையில் வந்த செய்தியின் தலைப்பிலிருந்து எடுத்தது. அட்டைப்படத்துக்கு ராக் இசையோடு துளியும் சம்பந்தமில்லாத படம் வேண்டும் என்றார்கள். ஹிப்னாசிஸ் என்ற வடிவமைப்பு நிறுவனத்தின் ஸ்டார்ம் தார்கர்சன் லண்டனுக்கு வெளியே போய் ஒரு பசுவைப் படம் பிடித்து வந்தார். குழுவின் பெயர் இல்லை, ஆல்பத்தின் பெயர் இல்லை, திரும்பிப் பார்க்கும் பசு மட்டும். பிரிட்டனில் முதலிடத்தைப் பிடித்த முதல் பிங்க் ஃபிளாய்ட் ஆல்பம் அதுதான்.

இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் அந்த இசையைத் தனது 'எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்' படத்தில் பயன்படுத்த விரும்பினார். இஷ்டம்போல் வெட்டிக்கொள்ளும் உரிமையும் வேண்டும் என்றதால் குழு மறுத்துவிட்டது. 1971-ல் வந்த அந்தப் படத்தின் இசைத்தட்டுக் கடைக் காட்சியில் பசு அட்டை மட்டும் எட்டிப் பார்க்கிறது. இருபது வருடம் கழித்து நிலைமை தலைகீழானது. தனது சொந்த ஆல்பத்துக்காக குப்ரிக்கின் '2001' படத்திலிருந்து சில ஒலித் துண்டுகளை வாட்டர்ஸ் கேட்டார். இப்போது மறுப்பது குப்ரிக்கின் முறை. 1992-ல் வெளியான அந்த ஆல்பத்தில், தலைகீழாக ஓட்டினால் மட்டும் புரியும்படி குப்ரிக்குக்கு ஒரு சேதியைப் பதித்து வாட்டர்ஸ் மனதை ஆற்றிக்கொண்டார்.

1971-ல் நிலைமை இன்னும் மோசம். கைவசம் ஒரு பாட்டுகூட இல்லாமல் ஸ்டுடியோவுக்குள் நுழைந்தார்கள். ஒருவர் வாசிப்பது அடுத்தவர் காதில் விழாமல் தனித்தனியே பதிவு செய்து பிறகு ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். தேறிய துண்டுகளுக்கு நேர்மையாக 'நத்திங் 1' முதல் 'நத்திங் 24' வரை பெயரிட்டார்கள். அதாவது 'ஒன்றுமில்லை'. அவற்றில் ஒன்று ரைட் பியானோவில் தட்டிய ஒற்றைச் சுரம். சுழலும் ஒலிபெருக்கி வழியாக வந்தபோது நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் போல 'பிங்' என்றது. அந்த ஒற்றைச் சொட்டிலிருந்து வளர்ந்ததுதான் 'மெடில்' ஆல்பத்தின் ஒரு பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்ட, 23 நிமிடத்துக்கும் மேல் ஓடும் 'எக்கோஸ்'. நடுவில் கடற்பறவை அலறுவது போல வரும் ஓசை பறவையுடையதல்ல. கில்மரின் கிதாருக்கான மிதிகருவியில் ஒயர்களை இடம் மாற்றிச் செருகியதால் பிறந்தது. மேடையில் முதலில் வாசித்தபோது அதன் பெயர், 'ஒன்றுமில்லாததன் மகனின் மறுவருகை'.

அட்டையில் எழுதிய கேள்விகள்

'டார்க் சைட் ஆஃப் தி மூன்' இசைத்தட்டாக வருவதற்கு ஓராண்டுக்கும் மேலாக மேடைகளில் வாசிக்கப்பட்டது. 1972 ஜனவரியில் பிரைட்டன் நகரில் முதல் அரங்கேற்றம். 'மனி' பாட்டில் கருவிகள் காலை வாரிவிட, பாதியில் நிறுத்தவேண்டியதாயிற்று. மெடிசின் ஹெட் என்ற இன்னொரு குழு அதே தலைப்பில் ஆல்பம் போட்டுவிட்டதால் கொஞ்ச காலம் 'எக்லிப்ஸ்' என்று பெயரை மாற்றிக்கொண்டார்கள். அந்த ஆல்பம் போணியாகவில்லை. பழைய பெயர் திரும்பி வந்தது.

'மனி' பாட்டின் தொடக்கத்தில் கேட்கும் காசுச் சத்தம், வாட்டர்ஸின் மனைவி மட்பாண்டம் செய்யப் பயன்படுத்திய பாத்திரத்தில் காசுகளை எறிந்து பதிவு செய்தது. கல்லாப்பெட்டி, காகிதம் கிழிவது என ஒவ்வொரு சத்தமும் உள்ள நாடாத் துண்டை அளவுகோலால் அளந்து, வெட்டி, ஒட்டி, வளையமாக்கிச் சுற்றவிட்டார்கள். ஏழு எண்ணிக்கைத் தாளம் பிறந்தது அப்படி. இன்று கணினியில் சில நொடிகளில் முடியும் வேலை அது.

பாட்டுகளுக்கு இடையே பேச்சுக் குரல்கள் வேண்டும் என்று வாட்டர்ஸுக்குத் தோன்றியது. கடைசியாக எப்போது கைகலப்பில் இறங்கினீர்கள், அப்போது நியாயம் உங்கள் பக்கம் இருந்ததா என்பது போன்ற கேள்விகளை அட்டைகளில் எழுதி, ஸ்டுடியோவில் கண்ணில் பட்டவர்களையெல்லாம் பிடித்து உட்காரவைத்துப் பதில் சொல்லச் சொன்னார். அங்கே வேறு வேலையாக இருந்த பால் மெக்கார்ட்னியும் சிக்கினார். பீட்டில்ஸ் புகழ் மெக்கார்ட்னி மிகவும் ஜாக்கிரதையாகப் பேசிவிட்டார். அவருடைய பதில் குப்பைக்குப் போயிற்று. அபே ரோட்டின் ஐரிஷ் வாயிற்காவலர் ஜெரி ஓ'டிரிஸ்கால் மனதில் பட்டதைச் சொன்னார். ஆல்பத்தின் கடைசியில் ஒலிப்பது அவர் குரல்.

இன்னொரு குரல் கிளேர் டோரியுடையது. ரைட்டின் பியானோ இசைக்கு மேல் வார்த்தையே இல்லாமல், மரண பயத்தை நினைத்துக்கொண்டு பாடு என்றார்கள். அவர் பாடிவிட்டு, ரொம்பக் கத்திவிட்டோமோ என்ற கூச்சத்தோடு, 30 பவுண்டு வாங்கிக்கொண்டு போனார். பாட்டு ஆல்பத்தில் இடம் பெற்றதே கடையில் பார்த்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது. அந்த மெட்டு தன்னுடையது என்று 2004-ல் அவர் வழக்குப் போட, 2005-ல் சமரசம் ஏற்பட்டது. அதற்குப் பின் வந்த பதிப்புகளில் பாட்டை உருவாக்கியவர்களில் ஒருவராக அவர் பெயரும் அச்சாகிறது.

1973 மார்ச்சில் வெளியான ஆல்பம், 1988 வரையில் மட்டும் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் மொத்தம் 741 வாரங்கள் இருந்தது. அதன் லாபத்தில் ஒரு பங்கு, இவர்கள் ரசித்த மான்டி பைதான் நகைச்சுவைக் குழுவின் 'ஹோலி கிரெயில்' படத்துக்கு முதலீடாகப் போனது.

வந்து நின்றவர்

அவ்வளவு பெரிய வெற்றி கிடைத்த உடனே ஏன் ரப்பர் பேண்டிடம் போனார்கள்? வெற்றிதான் காரணம். ஆசைப்பட்டதெல்லாம் முப்பது வயதுக்குள் கிடைத்துவிட்டது. அடுத்து என்ன என்பதற்குப் பதில் இல்லை. அடுத்த ஆல்பத்தைத் தள்ளிப்போட ஒரு கௌரவமான வழி தேவைப்பட்டது. வீட்டுச் சாமான் திட்டம் அதற்கு உதவியது. பணம் வந்த பிறகு நால்வரும் ஒரே அறையில் இருந்தும் ஒருவர் கூட ஒருவர் இல்லை என்ற நிலைமை.

அந்த வெறுமையே அடுத்த ஆல்பத்தின் பொருளாயிற்று. ஒத்திகையில் கில்மர் தற்செயலாக மீட்டிய நான்கு சுரங்கள் வாட்டர்ஸுக்கு பாரெட்டை நினைவுபடுத்தின. 'ஷைன் ஆன் யூ கிரேசி டயமண்ட்' உருவானது அப்படி. அதன் பதிவிலும் சோதனை. நாள்கணக்கில் உழைத்து எடுத்த டிரம்ஸ் பதிவின் மேல் தவறுதலாக எதிரொலி ஏறிவிட்டது. அழிக்க வழியில்லை. முதலிலிருந்து வாசித்தார்கள்.

1975 ஜூன் 5. அதே பாட்டின் கலவை வேலை நடந்துகொண்டிருந்தது. ஸ்டுடியோவுக்குள் ஒரு பருத்த மனிதர் வந்து நின்றார். தலை மழித்திருந்தது. புருவமும் இல்லை. யாரோ ஊழியர் என்று ஆளுக்கொரு விதமாக நினைத்துக்கொண்டார்கள். சற்று நேரம் கழித்துத்தான் அது சிட் பாரெட் என்று உறைத்தது. அவரைப் பற்றிய பாட்டு அவர் முன்னாலேயே ஓடிக்கொண்டிருந்தது. தன்னைப் பற்றியது என்று அவருக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை. வாட்டர்ஸ் அழுதுவிட்டார். அன்று கிளம்பிப் போன பாரெட், கேம்பிரிட்ஜில் ஓவியம் தீட்டிக்கொண்டும் தோட்டத்தைக் கவனித்துக்கொண்டும் தனியே வாழ்ந்து 2006 ஜூலை 7 அன்று காலமானார்.

'விஷ் யூ வேர் ஹியர்' என்ற அந்த ஆல்பத்தின் தலைப்புப் பாட்டில் புகழ்பெற்ற வயலின் கலைஞர் ஸ்டெஃபான் கிராப்பெல்லி வாசித்திருக்கிறார். அதே கட்டடத்தில் வேறு பதிவுக்கு வந்தவரை அழைத்து வந்து 300 பவுண்டு கொடுத்தார்கள். கடைசிக் கலவையில் அவர் வயலின் காதில் விழாத அளவுக்கு அமுங்கியதால் அட்டையில் பெயர் போடவில்லை. தொலைந்துவிட்டதாக நினைத்திருந்த அந்தப் பதிவு, 2011-ல் முழுதாக வெளியானது. அட்டைப்படத்தில் கை குலுக்கும் இருவரில் ஒருவர் உடலில் எரியும் தீ நிஜமானது. சண்டைக் கலைஞர் ரானி ரான்டெல் பாதுகாப்பு உடைமேல் கோட்டு அணிந்து நின்றார். காற்று திசை மாறி அவர் மீசை பொசுங்கியது.

இந்த ஆல்பத்துக்காக எழுதிய வேறு இரண்டு நீண்ட பாட்டுகளைச் சேர்க்க வேண்டும் என்று கில்மர் வாதாடித் தோற்றார். அவையும் வீணாகவில்லை. 'டாக்ஸ்', 'ஷீப்' என்று பெயர் மாறி 1977-ல் 'அனிமல்ஸ்' ஆல்பத்தின் பெரும் பகுதியாயின. அதன் அட்டைக்காக லண்டன் பேட்டர்சீ மின் நிலையத்தின் மேல் சுமார் 12 மீட்டர் நீளப் பன்றி பலூனைப் பறக்கவிட்டார்கள். அறுத்துக்கொண்டு போனால் சுட்டு வீழ்த்த முதல் நாள் ஒரு துப்பாக்கிக்காரர் தயாராக இருந்தார். இரண்டாவது நாள் அவரை வரச் சொல்ல மறந்துவிட்டார்கள். 1976 டிசம்பர் 3 அன்று பன்றி அறுத்துக்கொண்டது. ஹீத்ரோ விமானப் பாதையில் குறுக்கிட்டுவிட்டு, கென்ட் பகுதியில் ஒரு பண்ணையில் போய் இறங்கியது.

சுவரும் செங்கல்லும்

1978-ல் குழுவின் பணம் தவறான முதலீடுகளில் கரைந்து, வருமான வரி கழுத்தை நெரித்தது. உடனடியாக ஒரு ஆல்பம் தேவை. வாட்டர்ஸ் இரண்டு திட்டங்களை முன்வைத்தார். ஒன்று 'தி வால்', மற்றது ஒரு மனிதனின் ஓரிரவுக் கனவு பற்றியது. முதலாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். நிராகரிக்கப்பட்ட கனவு 1984-ல் வாட்டர்ஸின் தனி ஆல்பமானது.

'தி வால்' ஆல்பத்தில் பள்ளிக்கூடத்தைச் சாடும் பாட்டுக்குக் குரல் கொடுத்தவர்கள் ஸ்டுடியோவுக்குப் பக்கத்திலிருந்த இஸ்லிங்டன் கிரீன் பள்ளியின் 23 மாணவர்கள். இசை ஆசிரியர் அலுன் ரென்ஷா அழைத்து வந்தார். அவர்கள் குரலைத் திரும்பத் திரும்ப ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிப் பெருங்கூட்டமாக்கினார்கள். பள்ளிக்கு 1,000 பவுண்டு கிடைத்தது. 1980-ல் தென்னாப்பிரிக்காவில் நிறவெறிக் கல்விமுறையை எதிர்த்த கறுப்பின மாணவர்கள் அந்தப் பாட்டைப் பாட, அரசு அதற்குத் தடை விதித்தது.

குழுவுக்குள்ளும் சுவர் எழும்பியது. ஆல்பம் முடிவதற்குள் ரிச்சர்ட் ரைட்டை வெளியேறும்படி வாட்டர்ஸ் நிர்ப்பந்தித்தார். 1980-81ல் மேடையில் நிஜமாகவே சுவர் கட்டி இடித்த 31 நிகழ்ச்சிகளில் ரைட் சம்பளத்துக்கு வாசித்தார். நிகழ்ச்சிகள் பெரும் நஷ்டம். பங்குதாரர்கள் மூவரும் கையைச் சுட்டுக்கொண்டார்கள். லாபம் பார்த்தது சம்பள ஆள் ஒருவர்தான். 'தி வால்' மிச்சங்களைச் சேர்த்து 'ஸ்பேர் பிரிக்ஸ்', அதாவது உபரிச் செங்கற்கள், என்று ஒரு தட்டு போட நினைத்தார்கள். 1982-ன் ஃபாக்லாந்து போர் வாட்டர்ஸின் சிந்தனையைத் திருப்பியதில் அது 'தி ஃபைனல் கட்' ஆனது.

1985-ல் வாட்டர்ஸ் விலகினார். பெயர் யாருக்குச் சொந்தம் என்று வழக்கு. கில்மரும் மேசனும் பெயரை வைத்துக்கொண்டார்கள். கவிஞர் ரோஜர் மெக்கோவை வைத்து ஒரே கதையாக ஆல்பம் செய்யப் பார்த்து, முடியாமல் கைவிட்டு, தனித்தனிப் பாட்டுகளாக 1987-ல் வெளியிட்டார்கள். அதன் அட்டைக்காகக் கடற்கரையில் சுமார் 700 இரும்புக் கட்டில்களை வரிசையாகப் போட்டபோது மழை வந்தது. அத்தனை கட்டில்களையும் திரும்ப எடுத்துப் போய், இன்னொரு நாள் மறுபடி கொண்டுவந்து போட்டார்கள். மேடையில் பறக்கும் பன்றி வாட்டர்ஸின் உரிமை என்று பிரச்சினை வராமலிருக்க, தங்கள் பன்றியை ஆண் பன்றியாக மாற்றிக்கொண்டார்கள்.

1994-ன் 'தி டிவிஷன் பெல்' ஆல்பத்துக்குத் தலைப்பு கிடைக்காமல் தவித்தபோது எழுத்தாளர் டக்ளஸ் ஆடம்ஸ் ஒரு யோசனை சொன்னார். தான் சொல்லும் தர்ம காரியத்துக்கு 5,000 பவுண்டு கொடுத்தால் பெயர் சொல்வேன் என்றார். அவர் சொன்ன பெயர் அவர்களுடைய பாட்டு வரியிலேயே இருந்தது.

அந்த ஆல்பத்துக்காகத் திரும்பி வந்திருந்த ரைட், கில்மர், மேசன் மூவரும் மனம்போல் வாசித்துப் பதிவு செய்த இசை மணிக்கணக்கில் மிஞ்சியது. 'தி பிக் ஸ்ப்ளிஃப்' என்ற பெயரில் தனித்தட்டாகப் போடலாம் என்றார்கள். போடவில்லை. 2005 ஜூலை 2 அன்று லண்டன் ஹைட் பார்க்கில் வாட்டர்ஸையும் சேர்த்து நால்வரும் 24 ஆண்டுகளில் முதல் முறையாக ஒரே மேடை ஏறினார்கள். கடைசி முறையும் அதுதான். 2008 செப்டம்பர் 15 அன்று ரைட் புற்றுநோயால் இறந்தார். அதற்குப் பிறகு கில்மரும் மேசனும் பழைய நாடாக்களைத் தேடி எடுத்துக் கேட்டார்கள். 2014-ல் 'தி எண்ட்லெஸ் ரிவர்' வெளியானது. குழுவிலிருந்து ஒருமுறை வெளியேற்றப்பட்டவரின் விரல்கள், அவர் இறந்து ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு, ஆல்பம் நெடுகிலும் ஒலிக்கின்றன.

கைவிட்ட இசையை இந்தக் குழு பத்திரமாகப் பாதுகாத்தது. மனிதர்கள் விஷயத்தில் அந்த அக்கறை காட்டியதாகச் சொல்ல முடியாது. ஏற்றிக்கொள்ளாமல் விட்ட பாரெட்டும், வெளியே அனுப்பிய ரைட்டும் பாட்டாகவும் நாடாவாகவும்தான் திரும்பக் கிடைத்தார்கள். வாட்டர்ஸும் கில்மரும் சமாதானமாகவில்லை. 2024-ல் குழுவின் ஒலிப்பதிவு உரிமைகளை சோனி நிறுவனம் சுமார் 40 கோடி டாலருக்கு வாங்கியதாகச் செய்தி வந்தது.

வீட்டுச் சாமான் ஆல்பத்தின் கதை? மிஞ்சிய இரண்டு துண்டுகளும் 2011-ல் வெளியாயின. ஆனால் ரசிகர்கள் அதில் ஒன்றை அதற்கு முன்பே கேட்டுவிட்டார்கள். ஜலதரங்கம் போலத் தண்ணீர் அளவை மாற்றி வைத்து, குச்சியால் தட்டாமல் விரலால் தேய்த்த அந்த ஒயின் கிண்ணங்களின் ஓசையை 'ஷைன் ஆன்' பாட்டின் தொடக்கத்தில் கலந்துவிட்டிருந்தார்கள். கில்மரின் நான்கு சுரங்கள் வருவதற்கு முன், கீபோர்டுக்கு அடியில் மெல்லிய ரீங்காரமாக அது கேட்கும். 1975-ல் பாரெட் அந்த அறைக்குள் வந்து நின்று கேட்டதும் அந்தப் பாட்டைத்தான்.